கடையில பாட்டு போட லைசென்ஸ்: வேலூர்ல சின்ன மெஸ் நடத்துற எங்க அனுபவத்துல இருந்து ஒரு ரிவ்யூ

சிஎம்சி ஆஸ்பத்திரி பக்கத்துல காந்தி ரோட்டுல இருந்து உள்ள போற ஒரு சந்துல நானும் எங்க வீட்டுக்காரரும் ஒரு டிபன் மெஸ் நடத்துறோம், முப்பது பேர் உக்காரலாம், காலையில இட்லி பொங்கல், ராத்திரி சப்பாத்தி தோசை. ஸ்பீக்கர் மாட்டும்போதே பாட்டு போடுறதுக்கு லைசென்ஸும் சேர்த்து வாங்கணும்னு முடிவு பண்ணினோம், வாங்கியாச்சு, ஒரு வருஷம் ஓடிடுச்சு. நான் தேடினப்போ தமிழ்ல விளக்கமா ஒன்னும் சிக்கல, எல்லாம் பெரிய பெரிய ஹோட்டல், மால், பப் பத்தி இங்கிலீஷ்ல எழுதினதுதான். அதனால இதை எழுதறேன்.

முதல்லயே சொல்லிடறேன். பாட்டுக்கு காசு கட்டறது நியாயம், அதுல எனக்கு ரெண்டு கருத்து கிடையாது. ஆனா அந்த காசை வாங்கறதுக்கு வச்சிருக்கற முறை இருக்கே, அது சின்ன கடைக்காரனை நிக்க வச்சு அலைக்கழிக்குது. லைசென்ஸுக்கு 5க்கு 4 குடுப்பேன், வாங்கற முறைக்கு 5க்கு 1 தான்.

ஏன் பாட்டு இவ்ளோ முக்கியம்னு கேப்பீங்க. எங்க ஏரியா தெரிஞ்சவங்களுக்கு சொல்ல வேண்டாம், லாட்ஜ் போர்டுலேயே பெங்காலியும் இந்தியும் இருக்கும், கொல்கத்தா, அசாம், திரிபுரா, ஜார்க்கண்ட்னு எங்கெங்க இருந்தோ வந்து பேஷண்டை வார்டுல விட்டுட்டு கூட வந்தவங்க எங்க கடையில வந்து உக்காருவாங்க, ரிப்போர்ட் எப்ப வரும் டாக்டர் என்ன சொல்வாரோன்னு முகம் எல்லாம் வாடிப்போய் இருக்கும். சாயங்காலம் ஒரு பெங்காலி பாட்டு மெல்லமா ஓடும்போது ஒரு அம்மா நிமிந்து பாத்து "தீதி, இந்த பாட்டு இங்க எப்படி?"ன்னு கேட்டாங்க, அன்னிக்கு அவங்க ரெண்டு சப்பாத்தி கூட சாப்பிட்டாங்க. அதுக்கு அப்புறம் பாட்டு இல்லாம கடை நடத்தறதுன்ற பேச்சே எங்க வீட்ல இல்ல.

சரி, இப்ப சட்டம். போன்ல யூடியூப் பிரீமியம் இருக்கு, ஸ்பாட்டிஃபைக்கு மாசா மாசம் காசு போகுது, அதையே ஸ்பீக்கர்ல போட்டா என்னன்னு பக்கத்து கடைக்காரங்க எல்லாரும் கேக்கற முதல் கேள்வி. அந்த சந்தா நீங்க தனியா கேக்கறதுக்கு, கடையில கஸ்டமருக்கு போடறதுக்கு இல்ல, அவங்க விதிமுறையிலேயே சொந்த உபயோகத்துக்கு மட்டும்னு எழுதி இருக்கு. கடையில நாலு பேர் கேக்கற மாதிரி போட்டா அது 1957 காப்பிரைட் சட்டப்படி பொதுமக்களுக்கு ஒலிபரப்பறது, அதுக்கு தனி அனுமதி வேணும்.

அந்த அனுமதி ஒன்னு இல்ல, குறைஞ்சது ரெண்டு. இதுதான் யாருக்கும் புரியாத இடம். ஒரு பாட்டுல வரியும் மெட்டும் ஒரு உரிமை, அது எழுதினவர், இசையமைச்சவர், அவங்களோட பப்ளிஷர் பக்கம். அந்த பாட்டை ஸ்டுடியோவுல பதிவு பண்ணின ஒலிப்பதிவு இன்னொரு உரிமை, அது பெரும்பாலும் ஆடியோ கம்பெனி கையில. மனை ஒருத்தர் பேர்ல, அதுமேல கட்டின வீடு இன்னொருத்தர் பேர்ல இருந்தா நாம குடி போக ரெண்டு பேர்கிட்டயும் கேக்கணும் இல்ல, அப்படித்தான் இதுவும். வரி மெட்டு பக்கத்துக்கு ஐபிஆர்எஸ்னு ஒரு அமைப்பு, 1969ல ஆரம்பிச்சது, 2017ல திரும்ப காப்பிரைட் சொசைட்டியா, அதாவது உரிமைக்காரங்க சார்புல லைசென்ஸ் குடுத்து காசு வசூல் பண்ற சங்கமா, அரசுகிட்ட பதிவாச்சு. ஒலிப்பதிவு பக்கத்துக்கு 2021ல பதிவான ஆர்எம்பிஎல் இருக்கு. அது போக 1941ல இருந்து இருக்கற பிபிஎல், அப்புறம் நோவெக்ஸ், இவங்களும் தங்ககிட்ட உரிமை இருக்கற பாட்டுகளுக்கு லைசென்ஸ் குடுக்கறாங்க. பாடகர்களுக்குன்னு 2013ல தனியா ஒரு சங்கம் வேற பதிவாச்சு. முப்பது சீட் மெஸ்ஸுக்கு இத்தனை கதவு.

நாங்க முதல்ல வரி மெட்டு பக்கத்துக்கு லைசென்ஸ் எடுத்தோம். அதுல குறை சொல்ல ஒன்னும் இல்ல, கடை எவ்ளோ பெருசு, எத்தனை பேர் உக்காருவாங்க, டேப்பா டிவியா லைவா எல்லாம் கேட்டாங்க, கொட்டேஷன் வந்துச்சு, கட்டினோம், சர்டிபிகேட் வந்துச்சு, கேஷ் டேபிள் மேல மாட்டி இருக்கோம். ரேட்டை இங்க போடல, கடைக்கு கடை மாறும், என் ரேட்டை பாத்து நீங்க ஒரு கணக்கு போட்டுக்கிட்டா தப்பா போயிடும். பதிவான சொசைட்டி எதுவா இருந்தாலும் தன்னோட கட்டணப் பட்டியலை வெளியில போட்டே ஆகணும், அது சட்டத்துல 33ஏ பிரிவு. பட்டியலை எடுத்து வச்சு உங்க கடை அளவுக்கு நீங்களே கணக்கு பாருங்க, கொட்டேஷன் அதோட ஒத்துப்போகணும். கட்டணம் அநியாயமா இருந்தா அப்பீல் போற வழியும் அதே பிரிவுல இருக்கு, ஆனா ஒரு மெஸ்காரன் கோர்ட்டு ஏறி அப்பீல் போவானா சொல்லுங்க.

இதுக்கு அப்புறம்தான் அந்த ஏஜென்ட் வந்தார். ஒலிப்பதிவு உரிமைக்குன்னு ஒரு கம்பெனி பேரை சொல்லிக்கிட்டு வந்தவர், எந்த கம்பெனின்னு நான் எழுதல, அந்த கம்பெனியே அனுப்பினாங்களா இல்லையான்னு கூட உறுதி கிடையாது. கடைக்குள்ள வந்து டீ சொல்லிட்டு போன்ல வீடியோ எடுத்தார், எடுத்து முடிச்சுட்டு "நாளைக்குள்ள கட்டலைன்னா போலீஸ் வரும் மேடம், ஜாமீன் கிடைக்காது"ன்னார். மாட்டி இருக்கற சர்டிபிகேட்டை காமிச்சேன், "அது வேற இது வேற"ன்னார், அது உண்மைதான், வேறதான். ஆனா எந்தெந்த பாட்டு உங்க லிஸ்ட்ல இருக்கு, எந்த பதிவுல லைசென்ஸ் குடுக்கறீங்கன்னு கேட்டதுக்கு பதிலே இல்ல, கம்பெனி பதிவு பண்ணின சர்டிபிகேட்டை காமிச்சார். கம்பெனியா பதிவு பண்றது வேற, காப்பிரைட் சொசைட்டியா பதிவு பண்றது வேற. எழுத்துல குடுங்க, எங்க ஆடிட்டர்கிட்ட காமிச்சுட்டு சொல்றேன்னு சொன்னதும் கிளம்பிட்டார்.

எதிர்ல தையல் கடை அண்ணன் பயந்து கட்டிட்டார். "இன்னாக்கா பண்றது, போலீஸு கீலீஸுன்றான், வியாபாரத்த பாக்கறதா ஸ்டேசனுக்கு அலையறதா"ன்னு யாரோ ஒரு தனி ஆளோட நம்பருக்கு ஜிபே பண்ணி இருக்கார், ரசீதுன்னு வந்தது வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ மட்டும், அதுல ஜிஎஸ்டி நம்பர் இல்ல, எந்த தேதி வரைக்கும் செல்லும்னும் இல்ல. எனக்கு ரொம்ப கஷ்டமா போச்சு, ஒரு நாள் முழுக்க ஜாக்கெட் தைச்சு சேக்கற காசு அது.

போலீஸ் பயம் பத்தி நேரா சொல்லிடறேன், ஏன்னா இதை வச்சுத்தான் மிரட்டறாங்க. 63வது பிரிவுல 6 மாசத்துல இருந்து 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 50,000ல இருந்து 2 லட்சம் வரைக்கும் அபராதம்னு இருக்கறது நிஜம். கோர்ட்டு பாத்து விட்டாத்தான் ஜாமீன், தானா கிடைக்காத (நான்-பெயிலபிள்) குற்றம்னு 2022ல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிடுச்சு. அதனால சும்மா விட்டுடலாம்னு யாரும் நினைக்காதீங்க. ஆனா உரிமை யார்கிட்ட இருக்குன்னு காகிதத்துல காமிக்காம, டீக்கடை வாசல்ல நின்னு கைது பண்ணுவேன்னு சொல்ற அதிகாரம் எந்த ஏஜென்ட்டுக்கும் கிடையாது. காப்பிரைட் ஆபீஸ் வெப்சைட்ல பதிவான சொசைட்டி லிஸ்ட் இருக்கு, அதை போன்ல திறந்து வச்சுக்கிட்டு பேசுங்க. காசு கம்பெனி பேங்க் அக்கவுண்ட்டுக்கு மட்டும், ஜிஎஸ்டி பில்லோட.

சொசைட்டியா பதிவு பண்ணாத கம்பெனி லைசென்ஸ் குடுக்கலாமா கூடாதான்றது கோர்ட்டுலயே இழுபறி. நம்ம வேலூருக்கு மெட்ராஸ் ஹைகோர்ட்டுதான், அங்க 2021 டிசம்பர்ல நோவெக்ஸ் வழக்குல தனி நீதிபதி, சொசைட்டியா இல்லாம லைசென்ஸ் குடுக்கற தொழில் நடத்த முடியாதுன்னு தீர்ப்பு சொன்னார். 2024 ஜனவரியில பாம்பே ஹைகோர்ட்டு அதுக்கு நேர் மாறா, உரிமையாளரா இருக்கறவங்க குடுக்கலாம்னு சொல்லிடுச்சு. 2025 ஏப்ரல்ல டெல்லி ஹைகோர்ட்டு பெஞ்ச், பிபிஎல் பதிவான சொசைட்டியாவோ அதுல உறுப்பினராவோ இல்லாம லைசென்ஸ் குடுக்க முடியாது, பிபிஎல்லோட வழக்குல இருந்த ஹோட்டல் கம்பெனி ஆர்எம்பிஎல் ரேட்டுப்படி கட்டட்டும்னு சொன்னாங்க, அதே மாசத்துல சுப்ரீம் கோர்ட்டு அப்படி கட்டச் சொன்ன உத்தரவுக்கு ஸ்டே போட்டுது. பெரிய பெரிய வக்கீல்கள் வாதாடி முடியாத விஷயத்தை ஒரு தையல்காரர் நாளைக்கு காலையிலக்குள்ள முடிவு பண்ணணும்னா எப்படிங்க. கவர்மென்ட் ஒரே ஒரு இடத்துல, ஒரே பில்லுல, வரிக்கு மெட்டுக்கு ஒலிப்பதிவுக்கு எல்லாத்துக்கும் சேர்த்து வாங்கிக்கிட்டு அவங்களே பிரிச்சு குடுத்துடணும். இதுதான் நான் கேக்கறது, காசு தர மாட்டேன்னு நான் சொல்லவே இல்ல.

இதுல ஜிஎஸ்டி வேற. லைசென்ஸ் கட்டணத்துக்கு மேல 18 பர்சென்ட் வரும். எங்கள மாதிரி சாப்பாட்டு கடை 5 பர்சென்ட் ஜிஎஸ்டியில ஓடறது, எங்களுக்கு இன்புட் கிரெடிட் (நாம கட்டின ஜிஎஸ்டியை வசூல் பண்ற ஜிஎஸ்டியில கழிச்சுக்கறது) கிடையாது, அதனால அந்த 18ம் கையில இருந்து போறதுதான். பெரிய துணிக்கடை, நகைக்கடை வச்சிருக்கறவங்க அதை கழிச்சுக்கலாம், மெஸ்காரனால முடியாது. கொட்டேஷன் வாங்கும்போது வரி சேர்த்தா சேர்க்காமலான்னு கேட்டு எழுதிக்கோங்க.

பழைய பாட்டு ஃப்ரீதானேன்னு நிறைய பேர் நினைக்கறாங்க, முக்கியமா சலூன்காரங்க. பாதி சரி. ஒலிப்பதிவுக்கு உரிமை வெளியான வருஷத்துக்கு அப்புறம் 60 வருஷம், அதனால 1960ல வந்த ரெக்கார்டோட ஒலிப்பதிவு உரிமை 2020 கடைசியோட முடிஞ்சிடுச்சு. ஆனா வரிக்கும் மெட்டுக்கும் உரிமை அவங்கவங்க இறந்த வருஷத்துல இருந்து 60 வருஷம். கண்ணதாசன் 1981ல இறந்தார், அப்ப அவர் வரிக்கு 2041 கடைசி வரைக்கும் உரிமை இருக்கு. எம்எஸ்வி இறந்தது 2015, அவர் மெட்டுக்கு 2075. பாரதியார் பாட்டு மட்டும் வேற, 1949லயே அன்னிக்கு இருந்த மெட்ராஸ் அரசு உரிமையை வாங்கி அப்புறம் எல்லாருக்கும் பொதுவாக்கிடுச்சு, அதுலயும் புதுசா மெட்டு போட்டு பாடி ரெக்கார்ட் பண்ணினா அந்த மெட்டுக்கும் ரெக்கார்டுக்கும் உரிமை உண்டு.

எங்க கடைக்கு ரொம்ப உதவினது தாகூர் விஷயம். இந்தியாவுல 50 வருஷமா இருந்த உரிமைக் காலத்தை 60ஆ நீட்டினதே 1990கள் ஆரம்பத்துல தாகூர் எழுத்துக்களுக்கு காலம் முடியப் போகுதுன்னுதான். அவர் இறந்தது 1941, 2001 கடைசியோட அவர் வரியும் மெட்டும் பொதுவாயிடுச்சு. எங்க கடைக்கு வர்ற பெங்கால்காரங்க விரும்பி கேக்கறது பாதிக்கு மேல ரவீந்திர சங்கீதம், அதாவது தாகூர் பாட்டு, அதுல 60 வருஷம் தாண்டின ஒலிப்பதிவா பாத்து எடுத்தா யார்கிட்டயும் எதுவும் கேக்க வேண்டாம். இந்த விஷயம் தெரிஞ்சப்போ எனக்கு அவ்ளோ சந்தோஷம். நம்ம சந்துல இருக்கற லாட்ஜ்காரங்க, மெஸ்காரங்க எல்லாரும் இதை தெரிஞ்சு வச்சுக்கோங்க.

கல்யாண மண்டபம் வச்சிருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. சத்துவாச்சாரியில எங்க சொந்தக்காரர் ஒருத்தர் மண்டபம் நடத்தறார், அவர்கிட்டயும் பாட்டுக்கு காசு கேட்டு வந்திருக்காங்க. 52(1)(இசட்ஏ) பிரிவுல மதச் சடங்குக்கு விலக்கு இருக்கு, கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தை ஒட்டின மத்த கொண்டாட்டமும் அதுல சேரும்னு அங்கேயே விளக்கம் போட்டிருக்கு. அதையும் மீறி வசூல் பண்றாங்கன்னு புகார் போனதால 2023 ஜூலை 24ல காப்பிரைட்டை பாத்துக்கற மத்திய அரசுத் துறை டிபிஐஐடி, கல்யாணத்துக்கு ராயல்டி கேக்கக் கூடாதுன்னு நோட்டீஸே விட்டாங்க. அந்த நோட்டீஸை பிரிண்ட் எடுத்து ஆபீஸ் ரூம்ல மாட்டுங்கன்னு மாமாகிட்ட சொன்னேன், மாட்டிட்டார். கோயில் திருவிழா, குடியாத்தம் சிரசு திருவிழா மாதிரி நிஜமான வழிபாட்டுக்கும் அந்த விலக்குதான். ஆனா காலையில கடை திறந்து பக்திப் பாட்டு போடறது திருவிழா ஆகாது, அதுக்கு லைசென்ஸ் வேணும். மண்டபத்துல நியூ இயர் பார்ட்டி டிக்கெட் போட்டு நடத்தினாலும் வேணும்.

காசு கட்டறது நியாயம்னு ஏன் இவ்ளோ அழுத்தி சொல்றேன்னா, 1977ல சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புல சினிமா பாட்டுக்கு முதல் உரிமை தயாரிப்பாளருக்குத்தான்னு ஆயிடுச்சு, எழுதினவரும் மெட்டு போட்டவரும் ஒரு தடவை சம்பளத்தை வாங்கிட்டு போக வேண்டியதுதான், அந்த பாட்டு நாற்பது வருஷம் ஊரெல்லாம் ஓடினாலும் அவங்களுக்கு ஒரு பைசா உறுதி கிடையாது. 2012ல சட்டத்தை திருத்தினாங்க, இந்திப் பாட்டாசிரியர் ஜாவேத் அக்தர் ராஜ்யசபாவுல நின்னு இதுக்காக பேசினார். அதுக்கு அப்புறம் தியேட்டர்ல படத்தோட ஓடறது தவிர மத்த இடத்துல ஓடற பாட்டுக்கு வர்ற ராயல்டியில எழுதினவருக்கும் இசையமைச்சவருக்கும், அவங்ககிட்ட உரிமையை வாங்கினவரோட சம பங்கு உண்டு, அதை எந்த அக்ரிமென்ட்லயும் எழுதி வாங்கிட முடியாது, வாரிசுக்கோ சொசைட்டிக்கோ மட்டும்தான் விட்டுக் குடுக்கலாம். நம்ம மெஸ்ல இருந்து போற காசு அந்த பங்குக்கு போய் சேருதுன்னா எனக்கு மனசார சம்மதம். அதனாலதான் நடுவுல யாரோ ஒருத்தர் ஜிபேல வாங்கிட்டு போறதை பாக்கும்போது கோவம் வருது, அந்த காசு எந்த பாட்டு எழுதினவர் வீட்டுக்கும் போகாது.

ஒலிப்பதிவு லைசென்ஸுக்கு இன்னும் எழுத்துல சரியான கொட்டேஷன் வராததால இப்போதைக்கு புது சினிமா பாட்டு போடறதில்ல. 60 வருஷம் தாண்டின ரெக்கார்டு, வரி மெட்டு லைசென்ஸ் கையில இருக்கு, அது போதும். கூடவே ஒரு வேலை பண்ணினோம். வள்ளிமலை பக்கத்துல கோயில்ல வாசிக்கற ஒரு புல்லாங்குழல் கலைஞர் திருப்புகழுக்கு அவரே மெட்டமைச்சு வாசிப்பார், அவருக்கு காசு குடுத்து காட்பாடியில ஒரு சின்ன ஸ்டுடியோவுல ஒரு மணி நேரத்துக்கு ரெக்கார்ட் பண்ணி வாங்கினோம். திருப்புகழ் வரி பல நூறு வருஷத்துக்கு முந்தினது, அதுக்கு யாரும் உரிமை கேக்க முடியாது, மெட்டு அவரோடது, வாசிச்சதும் அவர், ரெக்கார்டுக்கு செலவு பண்ணினது நாங்க. எல்லாத்தையும் ஒரே பேப்பர்ல எழுதி கையெழுத்து போட்டோம். எத்தனை வருஷத்துக்கு, எந்த இடத்துக்குன்னு கண்டிப்பா எழுதணும், எழுதாம விட்டா சட்டப்படி 5 வருஷம்தான், இந்தியாவுக்குள்ளதான்னு எடுத்துப்பாங்க. அவர் எந்த சொசைட்டியிலயும் உறுப்பினர் இல்லைன்னு கேட்டு அதையும் எழுதிக்கிட்டோம், ஏன்னா உறுப்பினரா இருந்தா உரிமையை ஏற்கனவே அங்க எழுதிக் குடுத்திருக்கலாம். காலையில பொங்கல் நேரத்துக்கு அதான் ஓடுது, இன்னும் ரெண்டு கடைக்காரங்க அவர் நம்பரை கேட்டு வாங்கி இருக்காங்க.

ரினியூவல் சீக்கிரம் வருது. அதோட சேர்த்து இந்த தடவை ஆர்எம்பிஎல்லுக்கும் எங்க சீட் கணக்கு, சதுர அடி எல்லாம் போட்டு மெயில்ல கொட்டேஷன் கேக்கப் போறேன், தையல் கடை அண்ணனுக்கும் சேர்த்து, அவர் கடை எட்டுக்கு பத்து தான். பதில் வந்ததும் எப்படி இருந்துச்சுன்னு இங்கயே சேர்த்து எழுதறேன். அதுவரைக்கும் காந்தி ரோடு, லாங் பஜார், ஆபீசர்ஸ் லைன் பக்கம் யார் கடைக்காவது வீடியோ எடுத்துக்கிட்டு ஆள் வந்தா, எழுத்துல குடுங்கன்னு ஒரே வார்த்தை சொல்லுங்க, காசை எடுக்காதீங்க.